மாம்பழத்துக்கு முன்னால் போகும் கடிதம்

ஒரு கையில் வாழைப்பழம், இன்னொரு கையில் மாம்பழம். இரண்டையும் வைத்துக்கொண்டு சென்னையில் விமானம் ஏறிப் பாரிஸில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாழைப்பழத்தை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாம்பழத்தைப் பார்த்தால் கேட்பார்கள்: "இதற்குச் சான்றிதழ் எங்கே?" 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதுதான் சட்டம். வெளியிலிருந்து வரும் பழங்களில் ஐந்துக்கு மட்டுமே விலக்கு: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். மற்றபடி எந்தப் பழமானாலும், ஒன்றே ஒன்றானாலும், புறப்பட்ட நாட்டு அரசின் சான்றிதழ் கூடவே வர வேண்டும்.

அதன் பெயர் தாவர நலச் சான்றிதழ். ஏற்றுமதிக்காரர்களும் கிளியரிங் ஏஜென்டுகளும் அதை 'ஃபைட்டோ' என்று சுருக்கிவிட்டார்கள். பலர் நினைப்பதுபோல் அது சாப்பிடுகிறவரின் உடல்நலத்தைப் பற்றியது அல்ல. பழத்துக்குள் ஒளிந்து பயணம் செய்யும் புழு, வண்டு, பூஞ்சை, நச்சுயிரி ஆகியவற்றைப் பற்றியது. 'இந்தச் சரக்கைப் பார்த்தோம். நீங்கள் அஞ்சும் பூச்சி எதுவும் இதில் இல்லை என்று கருதுகிறோம்' என்று ஓர் அரசு இன்னோர் அரசுக்கு எழுதும் கடிதம். நெல், பயறு, விதை, மல்லிகை, மரத்தடி என்று மண்ணில் முளைத்த எதற்கும் இது தேவைப்படலாம்.

ஒரு பூச்சிக்காக இத்தனை கெடுபிடியா என்று தோன்றும். பிரான்சின் திராட்சைத் தோட்டக்காரர்களிடம் கேட்டால் தெரியும். 1860-களில் அங்கே கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. 1868-இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் அவருடைய சகாக்களும் வேர்களைத் தோண்டிப் பார்த்தார்கள். கடுகைவிடச் சிறிய, பேன் போன்ற ஒரு பூச்சி வேர்களில் அப்பிக் கிடந்தது. அதுதான் ஃபில்லாக்சரா. அமெரிக்கக் கொடிகளோடு கடல் தாண்டி வந்த விருந்தாளி. பாய்மரக் கப்பலின் நீண்ட பயணத்தில் அது வழியிலேயே செத்திருக்கும், நீராவிக் கப்பல் நாள்களைச் சுருக்கியதால் உயிரோடு கரையேறிவிட்டது என்று சொல்வார்கள். வேகத்துக்கு அன்றே ஒரு விலை இருந்திருக்கிறது. 1875-இல் பிரான்சின் திராட்சை மது உற்பத்தி சுமார் 845 கோடி லிட்டர். 1889-இல் 234 கோடி லிட்டர். நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் மிஞ்சியது.

பயந்துபோன ஐரோப்பிய நாடுகள் 1878-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. 1881-இல் அதைத் திருத்தி எழுதின. நாற்றுப் பண்ணையிலிருந்து செடி எல்லை தாண்ட வேண்டுமானால், அனுப்புகிறவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்த நாட்டு அதிகாரியின் அத்தாட்சியும் வேண்டும் என்றது அது. இன்றைய ஃபைட்டோவின் கொள்ளுப்பாட்டி அந்த அத்தாட்சிதான்.

பிறகு 1951 டிசம்பரில் ரோமில் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். அந்த உடன்படிக்கையின் பின்னிணைப்பில் மிகச் சாதுவான ஓர் அச்சுப்படிவம் இருக்கிறது. அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், எத்தனை பெட்டி, என்ன தாவரம், எங்கே விளைந்தது, என்ன மருந்து அடித்தார்கள் என்று சில கட்டங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரிப் படிவம். இந்தச் சாதுவான சங்கதி எவ்வளவு பெரிய காரியம் செய்யப் போகிறது என்று 1951-இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் தாளின் தொல்லைகள். தூத்துக்குடியிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிய கப்பல் கொழும்புக்குப் போக அதிக நேரம் வேண்டாம். சான்றிதழின் அசல் கூரியரில் சுற்றிக்கொண்டு போகும். சரக்கு முந்திக்கொள்ளும், தாள் பிந்தி வரும். கடன் உறுதிக் கடிதத்தின் பேரில் நடக்கும் வியாபாரமானால் அந்த அசல், வங்கி வழியாகவும் ஒரு சுற்றுச் சுற்றும். அதுவரை கன்டெய்னர் துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பது வெங்காயமானால் முளைவிடும், பழமானால் கனிந்து கரையும். எழுத்துப்பிழை ஒன்று இருந்துவிட்டால் இன்னும் மோசம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பழையதை ரத்து செய்து புதியது வாங்கி, அதை மறுபடி கூரியரில் ஏற்ற வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று தாளிலேயே இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஃபைட்டோ என்பது இரண்டு அரசுகளுக்கு இடையிலான கடிதம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போகிறவர் யார்? வியாபாரி. அந்தக் கடிதத்தில் நல்லபடியாக எழுதியிருந்தால் யாருக்கு லாபமோ, அவர் கையிலேயே கடிதம் பயணம் செய்கிறது. பரீட்சை எழுதிய மாணவனிடமே மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, அடுத்த ஊர்ப் பள்ளியில் காட்டச் சொல்வதுபோல. பெரும்பாலோர் நேர்மையானவர்கள்தான். ஆனாலும் கள்ளச் சான்றிதழ் என்ற தொழில் தாள் உள்ள இடமெல்லாம் உண்டு. ராட்டர்டாமில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, சென்னை அதிகாரியின் கையெழுத்து உண்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்காகவே முத்திரை மாதிரிகளையும் கையெழுத்து மாதிரிகளையும் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பி வைத்துக்கொள்ளும். அதிகாரி மாற்றலாகிப் போனால் கோப்பையும் மாற்ற வேண்டும்.

இதைக் கணினிக்குக் கொண்டுபோவது சுலபம் என்று தோன்றும். தாளை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் தட்டிவிட்டால் ஆயிற்று. பல அலுவலகங்களில் 'டிஜிட்டல் மயம்' என்றால் இதுதான் அர்த்தம். ஆனால் ஸ்கேன் என்பது தாளின் புகைப்படம், அவ்வளவே. கணினிக்கு அதில் மாம்பழம் தெரியாது, கறுப்புப் புள்ளிகள்தான் தெரியும். சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 12-ஆம் எண் சர்வதேச நெறிமுறைக்கு 2014-இல் மின்சான்றிதழைப் பற்றி ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்கள். ஸ்கேன் செய்த படம் மின்சான்றிதழ் ஆகாது என்பதில் அது தெளிவாக இருக்கிறது. உண்மையான மின்சான்றிதழுக்கு 'இ-ஃபைட்டோ' என்று பெயர்.

வித்தியாசம் என்ன? சமையலறைக்குப் போனால் தெரியும். தாளில் எழுதிய சான்றிதழ் குழம்பு மாதிரி. எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும், சாப்பிடுகிற மனிதருக்குத்தான் எது என்ன என்று புரியும். இ-ஃபைட்டோ அஞ்சறைப்பெட்டி. கடுகு ஒரு கிண்ணம், சீரகம் ஒரு கிண்ணம், மஞ்சள் ஒரு கிண்ணம். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும்: இங்கே தொடங்குவது எடை, எடை இங்கே முடிந்தது. இங்கே தொடங்குவது தாவரப் பெயர், அது இங்கே முடிந்தது. இப்படிப் பெயர்ச்சீட்டு ஒட்டி எழுதும் முறைக்கு எக்ஸ்.எம்.எல். என்று பெயர். உள்ளே எழுத்துகள் மட்டுமே இருப்பதால் முழுச் சான்றிதழும் நீங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடப் பலமடங்கு இலேசாக இருக்கும்.

கிண்ணத்தைப் பிரித்தால் போதுமா? கிண்ணத்துக்குள் என்ன போடுவது என்பதிலும் உலகம் ஒத்துப்போக வேண்டுமே. இந்த இடத்தில்தான் எனக்கு இந்த விஷயம் மிகவும் பிடித்துப்போனது. நாம் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்வதாக நினைத்துப் பேசும் சொற்களில் எத்தனை குழப்பம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கணினி ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போடுகிறது.

தேதியையே எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாள் 03/04/1952. சென்னையில் இதைப் படிப்பவருக்கு ஏப்ரல் 3. நியூயார்க்கில் படிப்பவருக்கு மார்ச் 4. ஒரு மாத வித்தியாசம். பூச்சி மருந்துப் புகை போட்ட தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் சரக்கே தங்கிவிடும். அதனால் மின்சான்றிதழில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். எந்த நாட்டுக்கும் விதிவிலக்கு இல்லை.

அடுத்தது பெயர். நமக்குக் கத்தரிக்காய். ஒரு நாட்டில் அது பிரிஞ்சால், இன்னொன்றில் ஆபர்ஜீன், மற்றொன்றில் எக்பிளான்ட். லத்தீனில் அமைந்த தாவரவியல் பெயரைப் போடலாம், ஆனால் அதிலும் எழுத்துப்பிழை வரும். பாரிஸில் இயங்கும் ஐரோப்பியத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே ஒரு சங்கேதப் பட்டியலைப் பராமரிக்கிறது. அதைத் தொடங்கி வைத்தது பேயர் என்ற மருந்துக் கம்பெனி என்பது ஒரு வேடிக்கை. செடி என்றால் ஐந்து எழுத்து, பூச்சி என்றால் ஆறு எழுத்து. கத்தரி எஸ்.ஓ.எல்.எம்.இ. திராட்சை வி.ஐ.டி.வி.ஐ. மா எம்.என்.ஜி.ஐ.என். மல்கோவா, பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் மூன்றும் இந்தக் கணக்கில் ஒன்றே. சேலத்துக்காரர்கள் சண்டைக்கு வரலாம், ஆனால் பூச்சிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஆசியப் பழ ஈயின் சங்கேதம் டி.ஏ.சி.யு.டி.ஓ. இதில் ஒரு கதை இருக்கிறது. அந்த ஈக்கு முன்பு 'டாகஸ் டார்சாலிஸ்' என்று பெயர். பிறகு அறிவியலாளர்கள் ஆராய்ந்து, அது வேறு குடும்பக் கிளை என்று முடிவு செய்து, 'பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்' என்று மாற்றினார்கள். ஈயின் பெயர் மாறியது, சங்கேதம் மாறவில்லை. மாற்றினால் பழைய பதிவேடெல்லாம் பாழ். மெட்ராஸ் சென்னையாகிப் பல ஆண்டுகள் ஆகியும், உங்கள் பெட்டியில் விமான நிறுவனம் ஒட்டும் சீட்டில் எம்.ஏ.ஏ. என்றே இருக்கிறதல்லவா, அதே நியாயம். துறைமுகங்களுக்கும் இப்படிச் சங்கேதம் உண்டு. ஐ.என்.டி.யு.டி. என்றால் தூத்துக்குடி, எல்.கே.சி.எம்.பி. என்றால் கொழும்பு. அட்டைப்பெட்டிக்குச் சி.டி., பைக்குப் பி.ஜி., கிலோவுக்குக் கே.ஜி.எம். 'நாற்பது மூட்டை' என்று எழுதிவிட்டு, எந்த ஊர் மூட்டை என்று தலையைச் சொறியும் வேலை மிச்சம்.

இந்தச் சான்றிதழ் என்ன வகைக் கடிதம் என்பதற்கும் ஓர் எண் உண்டு. 851 என்றால் தாவர நலச் சான்றிதழ். 657 என்றால் மறு ஏற்றுமதிக்கானது, அதாவது ஒரு நாட்டில் இறங்கி, பிரிக்கப்பட்டு, வேறு நாட்டுக்குப் போகும் சரக்கின் கடிதம். 70 என்ற நிலை எண் 'வழங்கப்பட்டது' என்று சொல்லும். 40 என்றால் 'திரும்பப் பெறப்பட்டது'. தாள் உலகத்தில் வழங்கிய சான்றிதழைத் திரும்பப் பெறுவது வில்லிலிருந்து போன அம்பைத் திரும்பக் கேட்பது மாதிரி. இங்கே ஓர் எண்ணை மாற்றி அனுப்பினால் போதும்.

எல்லோரும் ஒரே மொழியில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டார்கள். இனி அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? இரண்டு நாடுகள் தங்கள் கணினிகளை நேரடியாக இணைத்துக்கொள்ளலாம். சில நாடுகள் அப்படித்தான் தொடங்கின. நியூசிலாந்தும் நெதர்லாந்தும் இதில் முன்னோடிகள். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், மென்பொருள், சோதனை, செலவு. 180 நாடுகள் ஒன்றோடொன்று நேரடியாக இணைய வேண்டுமானால் எத்தனை கம்பி வேண்டும்? 180 புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடிட்டு இணைக்கும் கோலத்தைக் கற்பனை செய்யுங்கள். கோடுகளின் எண்ணிக்கை 16,110. வாசலில் வெள்ளை மாவைத் தவிர வேறெதுவும் தெரியாது.

நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்து, எல்லோரும் அதோடு மட்டும் இணைந்தால்? 180 கோடுகள், முடிந்தது வேலை. அந்த நடுப்புள்ளிக்கு 'ஹப்' என்று பெயர், மையப் பரிமாற்றகம் என்று சொல்லலாம். ஐக்கிய நாடுகளின் சர்வதேசக் கணினி மையம் அதை இயக்குகிறது. அமெரிக்கா, சீனா, ஆஸ்திரேலியா, கென்யா, நெதர்லாந்து போன்ற சில நாடுகள் முதலில் சோதித்துப் பார்த்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. மாதத்துக்கு லட்சத்துக்கும் அதிகமான சான்றிதழ்கள் அதன் வழியாகப் போகின்றன.

ஹப்பின் சாமர்த்தியம், அது எதையெல்லாம் செய்வதில்லை என்பதில்தான் இருக்கிறது. அது கடிதத்தைப் பிரித்துப் படித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. தபால் பிரிக்கும் ஊழியர் பின்கோடை மட்டும் பார்ப்பதுபோல, உறையின் மேலுள்ளதைப் பார்க்கிறது: எந்த நாட்டிலிருந்து, எந்த நாட்டுக்கு, என்ன வகை, என்ன எண். பெறுகிற நாட்டின் கணினி தயாராக இருந்தால் ஒப்படைக்கிறது. இல்லையென்றால் அது வந்து கேட்கும்வரை வைத்துக்கொள்கிறது. ஒப்படைத்ததும் உள்ளடக்கத்தை அழித்துவிடுகிறது, 'இன்ன கடிதம் இன்ன நேரத்தில் சேர்ந்தது' என்ற குறிப்பு மட்டும் மிஞ்சும். எந்த நாடு யாருக்கு எவ்வளவு மிளகு விற்கிறது என்ற வியாபார ரகசியம் நடுவில் குவிந்து கிடந்தால் எந்த அரசும் இதில் சேர்ந்திருக்காது. மறக்கத் தெரிந்த தபால்காரன் என்பதால்தான் நம்புகிறார்கள்.

ஹப்புக்குக் கடிதம் கொடுக்க வருகிறவர் உண்மையில் அந்த நாட்டு அதிகாரம்தானா? அதற்கும் ஒரு பூட்டு உண்டு. ஒவ்வொரு நாட்டு அமைப்பின் கணினியும் தன் மின் அடையாள அட்டையை ஹப்பிடம் காட்ட வேண்டும், ஹப்பும் தன்னுடையதைக் காட்ட வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் சரிபார்த்த பிறகே, வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கிய பாதை திறக்கும். இதன் விளைவு என்ன தெரியுமா? வியாபாரியின் கைக்குச் சான்றிதழ் போவதே இல்லை. அவர் விண்ணப்பிக்கிறார், கட்டணம் கட்டுகிறார், சரக்கைக் காட்டுகிறார். கடிதம் அரசிடமிருந்து அரசுக்கு நேராகப் போய்விடுகிறது. முத்திரை மாதிரிக் கோப்பு தேவையில்லை, கையெழுத்தை உற்றுப் பார்க்கும் வேலையும் இல்லை. இ-ஃபைட்டோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் புகழ்வார்கள். எனக்கென்னவோ, 1881-இல் ஆரம்பித்த ஒரு கடிதம் கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு கழித்து முதன்முறையாகச் சரியான கைகளில் மட்டும் பயணம் செய்கிறது என்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

பணக்கார நாடுகளுக்குச் சரி. சொந்தமாக மென்பொருள் கட்ட வசதியில்லாத நாடு என்ன செய்யும்? அவற்றுக்காகவே 'ஜென்ஸ்' என்ற பொதுவான இணையவழி அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். கணினியும் இணையமும் இருந்தால் போதும், உள்ளே நுழைந்து சான்றிதழை நிரப்பி, ஹப்புக்கு அனுப்பிவிடலாம். வாடகைச் சமையல்கூடம் மாதிரி: அடுப்பும் பாத்திரமும் அங்கே இருக்கும், உங்கள் அரிசியைக் கொண்டுவந்து சமைத்துக்கொள்ளலாம். இதை முதலில் பரிசோதித்துக் கொடுத்த மூன்று நாடுகள் கானா, சமோவா, இலங்கை. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் தேசங்களை எல்லாம் விட்டுவிட்டு, இந்த மூன்றையும் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது இதன் அருமை எல்லோருக்கும் உறைத்தது. பழம் கப்பலில் போய்ச் சேர்ந்தது, சான்றிதழைச் சுமந்த கூரியர் போகவில்லை. உணவு துறைமுகத்தில் அழுகக் கூடாது என்பதற்காகப் பல நாடுகள் தற்காலிகமாக ஸ்கேன் பிரதிகளையே ஏற்றுக்கொண்டன. ஏற்கெனவே ஹப்பில் இணைந்திருந்தவர்களுக்கு அந்த அவஸ்தை இல்லை.

இவ்வளவும் கடிதத்தின் கதை. கடிதத்தில் எழுதுவது உண்மையா என்பது வேறு கதை, அது கணினிக்கு வெளியே, ஒரு மேசை விளக்கின் கீழ் நடக்கிறது. பெண் பழ ஈ மாம்பழத் தோலில் ஊசி மாதிரிக் குத்தி, உள்ளே முட்டையிடும். வெளியே தெரிவது ஒரு புள்ளி. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து புழு சதையைத் தின்னத் தொடங்கும். தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் ஆய்வாளர் பெட்டிகளில் இருந்து சில பழங்களை எடுக்கிறார், கைலென்ஸால் பார்க்கிறார், சந்தேகம் வந்தால் அறுத்துப் பார்க்கிறார். எத்தனை பழம்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். புள்ளியியல் ஒத்துக்கொள்ளாது. சரக்கில் நூற்றுக்கு ஐந்து பழம் கெட்டிருந்தால், அதில் ஒன்றையாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை பிடித்துவிட வேண்டுமா? 59 பழம் எடுங்கள் என்கிறது கணக்கு. வியப்பு இதுதான்: சரக்கில் பத்தாயிரம் பழம் இருந்தாலும் 59, பத்து லட்சம் இருந்தாலும் 59. பானை எவ்வளவு பெரிதானாலும் பதம் பார்க்கும் சோறு அநேகமாகக் கூடுவதில்லை, நன்றாகக் கிளறி எடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நூற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் பிடிக்க வேண்டுமென்றால் மட்டும் எண்ணிக்கை 299 ஆகிவிடும்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2013-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் பிடிபட்டன. 2014 மே 1 முதல் மாம்பழத்துக்குத் தடை. கூடவே கத்தரி, பாகல், புடலை, சேப்பங்கிழங்குக்கும். மாம்பழ சீசனின் உச்சத்தில் விழுந்த அடி அது. ஆய்வைக் கடுமையாக்கி, அனுமதி பெற்ற பொதிக்கூடங்கள் வழியாக மட்டும் அனுப்ப ஏற்பாடு செய்த பிறகு, 2015 தொடக்கத்தில் மாம்பழத்துக்கு மட்டும் கதவு திறந்தது.

புழுவைக் கொல்லும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவுக்குப் போகும் இந்திய மாம்பழத்தை 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம் முக்கி வைப்பார்கள். ஜப்பானுக்கு 47.5 டிகிரி நீராவி வெப்பத்தில் 20 நிமிடம். அமெரிக்காவுக்கு 400 கிரே அளவு கதிர்வீச்சு, 2007-இல் அமெரிக்கா இந்திய மாம்பழத்துக்கு மறுபடி வழிவிட்டதே இந்த ஏற்பாட்டின் பேரில்தான். வெந்நீர் கொஞ்சம் கூடினால் பழம் வெந்துவிடும், குறைந்தால் புழு பிழைத்துவிடும். இந்த வெப்பநிலை, நேரம், தேதி ஒவ்வொன்றுக்கும் இ-ஃபைட்டோவில் தனித்தனிக் கிண்ணம் உண்டு. 60 இருக்க வேண்டிய இடத்தில் 50 இருந்தால், பெறுகிற நாட்டுக் கணினி கப்பல் கிளம்பிய அன்றே கையைத் தூக்கும். பழம் வந்து இறங்கி, அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாளைப் புரட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் எல்லாக் கிண்ணங்களும் இப்படி ஒழுங்காக இல்லை. 'கூடுதல் உறுதிமொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'இந்தப் பழம் இன்ன பூச்சி இல்லாத பகுதியில் விளைந்தது' என்பதுபோல, ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய வாசகத்தை அப்படியே எழுதச் சொல்லும். ஒரு நாட்டுக்கு ஒரு நடை. அதைச் சங்கேதமாக்குவது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியில் ஒரு கிண்ணத்தில் மட்டும் இன்னும் குழம்பு.

மீன், இறைச்சி, பால், முட்டைக்கும் எல்லை தாண்டச் சான்றிதழ் உண்டே, அவற்றுக்கு ஏன் இப்படி ஓர் உலக ஹப் இல்லை? முயற்சிகள் பல உண்டு. நியூசிலாந்து தன் இறைச்சி ஏற்றுமதிக்கு மின்சான்றிதழை மிக முன்பே தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் 'டிரேசஸ்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் தாளில்லாச் சான்றிதழுக்கான வழிகாட்டுதலை 2021-இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இறைச்சிக்கு உலகம் ஒத்துக்கொண்ட ஒரே படிவம் கிடையாது. வாங்கும் நாடு, விற்கும் நாடு, பொருள் மாற மாறச் சான்றிதழின் வாசகமும் மாறும். தாவரத்துக்கு மட்டும்தான் 1951-இல் ரோமில் அந்தச் சாதுவான அச்சுப்படிவத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கணினிகள் பேசிக்கொள்ள அடித்தளம் போட்டது, கணினியைப் பார்த்தேயிராத ஆட்கள் தட்டச்சு செய்து வைத்த ஒரு பின்னிணைப்பு.

தாள் முற்றாகப் போய்விடவில்லை. வங்கிகள் இன்னும் அசலைக் கேட்கும் வழக்கத்தை முழுதாக விடவில்லை, எனக்குத் தெரிந்து தாளைக் கடைசியாக விடப்போகிறவர்கள் அவர்கள்தான். ஹப்பில் சேராத நாட்டுக்குச் சரக்கு போனால் தாள்தான் வழி. கப்ரா வண்டு போன்ற ஆசாமிகளும் சும்மா இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தச் சிறு வண்டின் புழு, கன்டெய்னர் தரையின் விரிசலுக்குள் புகுந்து, உணவே இல்லாமல் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கன்டெய்னர் பத்து நாடு சுற்றி, உள்ளே அரிசி மூட்டை ஏறியதும் எழுந்துகொள்ளும். எந்தச் சரக்குக்கு எழுதிய சான்றிதழிலும் அது அகப்படாது, ஏனென்றால் அது சரக்கில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. அதனால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இப்போது கன்டெய்னரையே குறி வைக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு மாம்பழம் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழமாகக் கொண்டுபோனால் ஃபைட்டோ கேட்பார்கள். வடுவாக உப்பிட்டு ஊறுகாயாக்கிவிட்டால், சர்வதேச நெறிமுறைப்படி அது பூச்சி குடியேற முடியாத அளவுக்குப் பக்குவப்படுத்தப்பட்ட பொருள். அதற்குத் தாவர நலச் சான்றிதழ் தேவையில்லை.